போட்டிக் கம்பெனியோடு எதுவரை பழகலாம்?

தொழில் கேள்வி - பதில்
(திருப்பூரில் பல ஆண்டுகள் பின்னலாடை ஏற்றுமதி கம்பெனி நடத்தி, இப்போது பொறுப்பை மகளிடம் கொடுத்துவிட்டவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

சின்னதாக ஒரு தையல் யூனிட் நடத்துகிறேன். எங்கள் பையருக்கே (வெளிநாட்டில் இருந்து ஆர்டர் தருபவருக்கே) வேலை செய்யும் ஒரு பெரிய கம்பெனி, ஷிப்மென்ட் நெருக்கடியில் ஒரு ஸ்டைலைத் தைத்துத் தரச் சொல்கிறது. போட்டிக் கம்பெனிக்குக் கை கொடுத்தால் நாளைக்கு நமக்கே வினையாக வரும் என்கிறார் என் கணவர். வாங்கலாமா?
*- வாசகி, அவிநாசி*

வாங்கிச் செய்யுங்கள் அம்மணி. திருப்பூரில் போட்டிக்காரர் வேலை என்று ஒதுக்கினால் யாருமே தொழில் செய்ய முடியாது. நூல் ஓரிடம், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்துவது), பிரிண்டிங், எம்பிராய்டரி ஒவ்வொன்றும் வேறு வேறு இடம். நீங்கள் துணி கொடுக்கும் காம்பாக்டிங் பட்டறையிலேயே போய்ப் பாருங்கள், உங்கள் துணியும் அந்தப் பெரிய கம்பெனியின் துணியும் பக்கத்துப் பக்கத்து டிராலியில்தான் கிடக்கும். அவர் என்ன கலர், என்ன ஜிஎஸ்எம் (துணியின் கனம்) ஓட்டுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும், உங்களுடையது அவருக்குத் தெரியும். இந்த ஊர் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. வேலை இல்லாத மாதத்தில் உங்கள் லைன் சும்மா நிற்பதைவிட அவருடைய பீஸ் ஓடுவது நல்லது. உங்களுக்கு நெருக்கடி வரும்போது நீங்களும் அவரிடம் போய் நிற்கலாம்.

ஆனால் மெஷினில் துணியை ஏற்றுவதற்கு முன் சில விஷயங்களைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பையருக்குத் தெரியுமா? 2013 ஏப்ரலில் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்துப் போனார்கள். அதற்கப்புறம் பெரிய பிராண்டுகள் தங்கள் துணி எந்தக் கூரையின் கீழ் தைக்கப்படுகிறது என்பதில் கெடுபிடியாக இருக்கிறார்கள். அனுமதி இல்லாமல் வெளியே கொடுத்தது தெரிந்தால் கொடுத்தவர் ஆர்டரும் போகும், நீங்களும் அந்த பையரின் பட்டியலில் இருந்து வெளியே போவீர்கள். உங்கள் யூனிட் பெயரைச் சொல்லி பையரிடம் மெயிலில் ஒப்புதல் வாங்கித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால் வேலை வேண்டாம்.

இரண்டாவது, எண்ணிக்கை. வெட்டிய பீஸ் வண்டியில் இருந்து இறங்கும்போதே சைஸ் வாரியாக, கலர் வாரியாக எண்ணி, டெலிவரி சலானிலேயே குறைவை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "நம்ம ஆளுங்கதானே, பேக்கிங்கில் பார்த்துக்கலாம்" என்று விட்ட இடத்தில்தான் எல்லாச் சண்டையும் தொடங்குகிறது. மீடியம் சைஸில் இரண்டு பண்டல் குறைந்திருக்கும், கடைசிக் கணக்கில் அது உங்கள் தலையில் விழும். அதற்கு என்ன விலை பிடிப்பது என்பதையும் இப்போதே பேசுங்கள். துணி விலையா, கப்பலில் ஏற்றும் முழு விலையா? இந்த ஒரு வரி எழுதாததால் நல்ல நண்பர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆல்ட்ரேஷனும் ரிஜெக்டும் எத்தனை சதவீதம் வரை ஏற்கப்படும் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும்.

மூன்றாவது, லேபிள். மெயின் லேபிள், வாஷ்கேர், ஹேங் டேக் எல்லாவற்றையும் எண்ணி வாங்கி, மிச்சத்தை எண்ணித் திருப்பிக் கொடுங்கள். ரிஜெக்ட் பீஸையும் அப்படியே. லேபிளோடு ஒரு பீஸ் காதர்பேட்டைத் துணிச் சந்தையில் தொங்கினால் அவர் பையரிடம் பதில் சொல்ல முடியாது, நீங்கள் அவரிடம் பதில் சொல்ல முடியாது.

நான்காவது விஷயம் எந்தத் தாளிலும் எழுத முடியாதது. அவருடைய பையரின் க்யூசி (தரம் பார்ப்பவர்) உங்கள் யூனிட்டில் உட்கார்ந்து பீஸ் பார்ப்பார். அந்த நேரத்தில் உங்கள் விசிட்டிங் கார்டை நீட்டாதீர்கள். "நேரடியாகவே தந்தால் இன்னும் குறைத்துச் செய்வேன்" என்று ஜாடை காட்டாதீர்கள். அடுத்த சீசன் நீங்கள் சொந்தமாக சாம்பிள் போட்டு, சொந்தமாக விலை சொல்லி, அதே பையரிடம் மோதுங்கள். அதில் தப்பே இல்லை. அவர் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு அவர் அலமாரியைத் திறப்பதுதான் தப்பு.

பணம் விஷயமும் சொல்லிவிடுகிறேன். உதயம் பதிவு (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்து பில்லில் அந்த எண்ணைப் போடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது குறு, சிறு தொழில் சட்டம். அதைத் தாண்டி இழுத்தால் வருமான வரியில் அந்தச் செலவை அவர் அந்த ஆண்டே கழித்துக்கொள்ள முடியாத நிலை இப்போது இருக்கிறது. இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம், பில் கொடுக்கும்போது அவர்களுடைய கணக்குப் பிள்ளையிடம் சொன்னால் போதும்.

நொய்யலின் கடைமடையில் விவசாயம் செய்த குடும்பத்துப் பையன் நான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைத்து ஒருவர் ஆர்டரை ஒருவர் பிடுங்கிக்கொள்ளும் திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்கள், ஒன்றாகச் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையம் நடத்துகிறார்களாம். இது உண்மையான ஒற்றுமையா, கோர்ட்டுக்குப் பயந்த ஒற்றுமையா?
*- வாசகர், கரூர் மாவட்டம்*

கோர்ட்டுக்குப் பயந்துதான் தொடங்கியது. உங்கள் ஊர்க்காரருக்கு நான் வேறு பதில் சொன்னால் அது பொய்.

ஒரத்துப்பாளையம் அணை உங்கள் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் அது பயன்பாட்டுக்கு வந்த காலமும் திருப்பூர் ஏற்றுமதி ஏறிய காலமும் ஒன்று. அணையில் தேங்கியது மழைத் தண்ணீர் அல்ல, சாயத் தண்ணீர். பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். சாயம் துணியில் ஒட்டிக்கொள்ளும், உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தை எடுப்பது சுலபம், கரைந்த உப்பை எடுப்பதுதான் பெரிய செலவு. அந்தச் செலவை ஒருவர் மட்டும் செய்தால் அவருடைய கிலோ ரேட் ஏறிவிடும், ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். அதனால் யாரும் செய்யவில்லை. எல்லோருக்கும் விஷயம் தெரியும், எல்லோரும் பக்கத்து ஆளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அந்தக் காலம் முழுக்க கிணற்றுத் தண்ணீர் உப்பாகி, தென்னை காய்ந்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடியாமல் நின்றவர்கள் உங்கள் வீட்டார். வெளுத்த துணிக்கு நாங்கள் வாங்கிய விலையில் ஒரு பங்கு அவர்கள் கொடுத்தது. இதை இந்த ஊரில் எந்த மேடையிலும் சொல்வேன்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 28,000-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டதாகவும், 24 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்றும் 2004-ல் கணக்கிடப்பட்டது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடாத முறைக்கு மாறச் சொல்லி, அதுவரை வெளியேற்றும் தண்ணீருக்கு லிட்டருக்கு 6 பைசாவில் தொடங்கி அபராதம் போட்டது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைகளுக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அப்போதும் நிலைமை சரியாகாமல், 2011 ஜனவரி 28-ம் தேதி எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் மின் இணைப்பு இல்லாமல் நின்றன. துணியை லாரியில் ஏற்றி வெளி மாநிலங்களுக்கு அனுப்பி சாயம் போட்டு வாங்கினோம். ஷேடு மாறும், நாள் தள்ளும், ஏர் கார்கோ கட்டணம் லாபத்தைத் தின்னும். வேலை இல்லாமல் ஊருக்குத் திரும்பிய தொழிலாளர்களுக்கு அதைவிடக் கஷ்டம்.

அப்புறம்தான் ஒரு வழி பிறந்தது. தண்ணீரை உயிரியல் முறையில் சுத்தம் செய்து, ஆர்.ஓ. வடிகட்டியில் நல்ல தண்ணீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புத் தண்ணீரை ஆவியாக்கும் இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். முன்பு எல்லா உப்புத் தண்ணீரையும் ஆவியாக்கப் பார்த்ததில் செலவு கட்டுப்படியாகவில்லை. அந்த உப்புத் தண்ணீரையே சாயப்பட்டறைக்குத் திருப்பிக் கொடுத்து மறுபடி சாயம் போடலாம் என்பதை அருள்புரம் நிலையத்தில் செய்து பார்த்தார்கள். அது பலித்தது, மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். மாநில அரசு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்றைக்கு 18 பொது நிலையங்கள் ஓடுகின்றன. வசதியுள்ள பெரிய பட்டறைகள் தனியாகவும் வைத்திருக்கின்றன.

சரி, போட்டிக்காரர்கள் அங்கே எப்படி ஒத்துப்போகிறார்கள்? அன்பினால் அல்ல, மீட்டரினால். நிலையம் தனிக் கம்பெனி, பட்டறைகள் அதில் பங்குதாரர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் என்று ஒதுக்கீடு இருக்கிறது. பட்டறையில் இருந்து குழாய் வெளியேறும் இடத்தில் ஒரு சின்ன இரும்புப் பெட்டி, அதற்குள் ஃப்ளோ மீட்டர், அந்தப் பெட்டியின் சாவி நிலையத்தின் கையில். எத்தனை கிலோலிட்டர் அனுப்பினீர்களோ அதற்குத் தக்க கட்டணம். ஒருவர் அளவுக்கு மேல் அனுப்பினாலோ, அடர்த்தியான தண்ணீரைத் திறந்துவிட்டாலோ ஆர்.ஓ. மெம்பிரேன் அடைத்துக்கொள்ளும், செலவு அத்தனை பேர் தலையிலும் விழும். அதனால் போட்டிக்காரரைப் போல நல்ல காவல்காரர் வேறு கிடையாது.

எனக்குத் தெரிந்த ஒரு நிலையத்தில், மீட்டருக்கு முன்னாலேயே ஹோஸ் போட்டு ராத்திரியில் தண்ணீர் தள்ளிய ஒரு உறுப்பினரைப் பிடித்தார்கள். பிடித்தவர் அடுத்த மதிலில் பட்டறை வைத்திருப்பவர், ஒரே பார்ட்டிக்கு (துணி கொடுக்கும் கம்பெனிக்கு) இருவரும் சாயம் போடுகிறவர்கள். இரவு பதினோரு மணிக்கு மேல் மேன்ஹோலில் தண்ணீர் சத்தம் மாறுவதை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார். கூட்டத்தில் நிறைய சத்தம். ஒரு வாரம் தப்புச் செய்தவருடைய குழாயை அடைப்பது என்று முடிவானது. அந்த வாரம் அவர் கையில் இருந்த துணியை என்ன செய்வது? அதற்குச் சாயம் ஏற்றிக் கொடுத்தவர்களும் அந்தக் கூட்டத்தில் அவருக்கு எதிராகக் கை தூக்கியவர்கள்தான். பார்ட்டியைத் தட்டிப் பறிக்கவில்லை, துணியைச் சாயம் போட்டு அவர் பெயரிலேயே டெலிவரி கொடுத்தார்கள். அடுத்த மாதம் பழையபடி கிலோ ரேட்டில் அடித்துக்கொண்டார்கள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் நேர்மையான பதில் இந்தக் காட்சிதான். பயத்தில் தொடங்கியது, இப்போது பழக்கமாகியிருக்கிறது.

முழுக்கத் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. கழிவுக் கசடும் கலப்பு உப்பும் நிலையங்களில் மூட்டை மூட்டையாகத் தேங்குகின்றன. கசடை சிமென்ட் ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாடு நடக்கிறது, போதாது. பொது நிலையத்தில் சேராமல் எங்கோ ஒதுக்குப்புறத்தில் பட்டறை போட்டு ஓடையில் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் காட்டிக் கொடுப்பது துரோகம் என்று இங்கே சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் திருடுவது ஒழுங்காகக் கட்டணம் கட்டுகிற பட்டறைக்காரரின் ஆர்டரையும், உங்கள் நிலத்துத் தண்ணீரையும்.

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடுகிறவர்களும் இதே பாதையில்தான் வந்தார்கள். பாலாற்று வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு அவர்களை நெருக்கியது.

ஒன்றாகச் சேர்வது எங்களைப் போன்ற சின்னவர்களுக்கு வேறு வழியில்லாததால்தானே? பெரிய கம்பெனிகள் போட்டியாளரை அழிக்கத்தானே பார்க்கும்?
*- கல்லூரி மாணவர், மதுரை*

தம்பி, உங்கள் கைபேசிக்கு சிக்னல் தரும் டவரை அடுத்த முறை நிமிர்ந்து பாருங்கள். ஏர்டெல், வோடஃபோன், ஐடியா மூன்றும் விளம்பரத்தில் அடித்துக்கொண்ட 2007-ல், மூன்றும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கின. ஒரே டவரில் மூவருடைய ஆன்டெனாவும். டவர் எங்கே நிற்கிறது என்பதற்காக எந்த வாடிக்கையாளரும் சிம் மாற்றுவதில்லை, ஆனால் ஆளுக்கொரு டவர் என்றால் இரும்பும் டீசலும் மூன்று பங்கு. வங்கிகளும் அப்படித்தான். 2009 ஏப்ரலில் இருந்து எந்த வங்கி அட்டையையும் எந்த வங்கி ஏடிஎம்மிலும் செருகலாம் என்று ரிசர்வ் வங்கி கட்டணத்தை எடுத்துவிட்டது. அப்புறம் சில வரம்புகள் வந்தன, அது வேறு கதை. 2016-ல் வந்த யுபிஐயும் போட்டி வங்கிகள் ஒரே பாதையில் பணத்தை ஓட்ட ஒத்துக்கொண்டதால் வந்தது. வாடிக்கையாளர் எதைப் பார்த்து உங்களைத் தேர்ந்தெடுக்கிறாரோ அதில் முட்டி மோதுங்கள். அவர் பார்க்காத இரும்புக் கம்பியில் ஆளுக்கொரு செலவு எதற்கு?

துணி ப்ராசஸிங் யூனிட்டுகள் சேர்ந்து சங்கம் வைத்திருக்கிறோம். ஒருவருக்கொருவர் ரேட்டை உடைத்து எல்லோரும் நஷ்டப்படுகிறோம். குறைந்தபட்ச ரேட் ஒன்றை சங்கமே அறிவித்து, மீறினால் அபராதம் என்று தீர்மானம் போடலாம் என்கிறார்கள். செய்யலாமா?
*- வாசகர், ஈரோடு*

வேண்டாம். உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. கட்டுபடியாகாத ரேட்டில் பாய்லரை ஓட்டுவது எவ்வளவு பெரிய வேதனை என்று தெரியும். ஆனாலும் அந்தத் தீர்மானத்தைப் போடாதீர்கள்.

2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டம் இதைக் கார்ட்டெல் என்கிறது. போட்டியாளர்கள் கூடி விலை வைத்தாலே சந்தைக்குக் கெடுதல் நடந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. கார்ட்டெல் நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் விற்றுவரவில் 10 சதவீதம் அல்லது லாபத்தைப்போல மூன்று மடங்கு, எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். 2012 ஜூனில் 11 சிமென்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டபோது, அவர்களுடைய சங்கத்தின் வழியாக விலை விவரங்கள் பரிமாறப்பட்டதும் முக்கியமாகப் பேசப்பட்டது. அந்த வழக்கு மேல்முறையீடு, மறுவிசாரணை என்று பல ஆண்டுகள் இழுத்தது. இன்னொன்று, முதலில் போய் உண்மையைச் சொல்கிறவருக்கு அபராதத்தை முழுக்கத் தள்ளுபடி செய்யவும் சட்டத்தில் இடம் உண்டு. உங்கள் தீர்மானத்தில் கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருவர் நாளைக்குப் போய்ச் சொல்லலாம்.

சட்டத்தை விடுங்கள். உங்கள் குறைந்தபட்ச ரேட்டை யார் தருவார்கள்? லுங்கியும் துண்டும் விற்கிற சின்ன வியாபாரி. அவரும் உங்களைப் போலத்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்.

ஏற்றுமதிக்காரர்கள் மட்டும் கூடிப் பேசுகிறார்களே என்று கேட்பீர்கள். ஏற்றுமதிக்கு மட்டுமேயான ஒப்பந்தங்களுக்கு நம் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. உள்நாட்டு வேலை கலந்தால் அந்த விலக்கு கிடைக்காது, வாங்குகிறவர் நாட்டுச் சட்டம் நம்மைப் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. நாமக்கல் முட்டை விலையைக் காட்டியும் பலர் பேசுகிறார்கள். 1982-ல் முட்டை ஒருங்கிணைப்புக் குழு தொடங்கியதற்குக் காரணம், வியாபாரிகள் சொன்ன விலைக்கு, தீவனச் செலவுக்கும் கட்டாமல், பண்ணைக்காரர்கள் முட்டையைக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது அறிவிப்பது பரிந்துரை விலை. அதிலும் பண்ணை வாசலில் வியாபாரி "மைனஸ் எவ்வளவு?" (அறிவித்த விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்) என்றுதான் பேச்சைத் தொடங்குவார். சரக்கு மிகுந்தால் மைனஸ் கூடும். விலையை அறிவித்தவர்களாலேயே விலையைக் கட்டிப்போட முடியவில்லை என்பதை அந்த மைனஸ் காட்டுகிறது.

சங்கமாக என்ன செய்யலாம்? நிறையச் செய்யலாம். ஒரு மீட்டருக்கு உண்மையில் என்ன செலவாகிறது என்று கணக்குப் போடவே பாதிப் பேருக்குத் தெரியாது. மின் கட்டணத்தின் டிமாண்ட் சார்ஜ், விறகு, தண்ணீர், சம்பளம், மெஷின் தேய்மானம் இவற்றை எப்படிக் கணக்கில் எடுப்பது என்று ஒரு நல்ல காஸ்ட் அக்கவுன்டன்ட்டை அழைத்து வகுப்பு நடத்துங்கள். ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தன் வீட்டில் போட்டு, தன் ரேட்டைத் தானே முடிவு செய்யட்டும். தெரியாமல் நஷ்டத்துக்கு ஓட்டுகிறவர்கள் குறைந்தாலே ரேட் தேறும். விறகை, கெமிக்கலைச் சேர்ந்து மொத்தமாக வாங்குங்கள். அரசிடம் கேட்க வேண்டியதை ஒரே குரலில் கேளுங்கள். 2022 மே மாதம் பருத்தி ஒரு கண்டி (356 கிலோ) ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டி நூல் விலை ஏறியபோது திருப்பூர் இரண்டு நாள் கடையடைத்தது. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காத சங்கங்கள்கூட அன்றைக்கு ஒரே பந்தலில் உட்கார்ந்தன. அரசிடம் போய் நிற்பது வேறு, வாடிக்கையாளருக்கு எதிராகக் கூடுவது வேறு. தீர்மானத்தில் ரேட் என்ற சொல் வந்தாலே முதலில் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள்.

என் கட்டிங் மாஸ்டரைப் பக்கத்து கம்பெனி இழுத்துக்கொண்டது. ஒருவர் ஆளை ஒருவர் எடுக்கக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் என்ன?
*- வாசகர், பல்லடம்*

என் மனசுக்கு ஒப்பாத யோசனை. மேலே சொன்ன விலைக் கூட்டணியைவிட இது மோசம், ஏனென்றால் நஷ்டப்படுகிறவர் மாஸ்டர். அவர் கைத்திறனுக்குக் கூடுதல் சம்பளம் கிடைப்பதை நாம் கதவைச் சாத்தித் தடுக்கிறோம். அமெரிக்காவில் ஆப்பிள், கூகுள், இன்டெல், அடோபி போன்ற கம்பெனிகள் இப்படி ஒரு உடன்பாடு வைத்திருந்ததாக 2010-ல் அரசு வழக்குப் போட்டது. அந்தப் பழக்கத்தை விடுவதாக ஒத்துக்கொண்டார்கள். பின்னர் 2015-ல் இந்த நான்கு கம்பெனிகளும் ஊழியர்களுக்கு 41.5 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தன.

இங்கே நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் எதிரெதிரே உட்கார்ந்து பேசி எல்லோருக்கும் பொதுவாகச் சம்பள ஒப்பந்தம் போடுகிறார்கள். தொழிலாளியும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதால் அதற்கு மதிப்பு. அந்தச் சம்பளத்துக்குக் கீழே யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள முதலாளிகள் சேரட்டும். மேலே கொடுக்கிறவரைத் தடுக்கச் சேர வேண்டாம். உங்கள் மாஸ்டர் ஏன் போனார் என்று அவரிடமே கேட்டீர்களா? அட்வான்ஸ் பாக்கியைக் காட்டி மிரட்டாமல், ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

பையிங் ஏஜென்ட் (பையருக்காக ஆர்டர் பேசுபவர்) ஒவ்வொரு ஆர்டரிலும் "பக்கத்து கம்பெனி பத்து சென்ட் குறைத்திருக்கிறது" என்று சொல்லியே அடிக்கிறார். பக்கத்து கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டுவிடலாமா?
*- வாசகர், திருப்பூர்*

கேட்காதீர்கள். கேட்டாலும் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார், சொன்னால் இரண்டு பேருமே விலை பேசியவர்களாகிவிடுவீர்கள். ஏஜென்ட்டுக்குப் பதில் உங்கள் காஸ்டிங் ஷீட்டில் இருக்கிறது. நூல், நிட்டிங், சாயம், ப்ராசஸ் லாஸ், கட்டிங் வேஸ்ட், தையல் கூலி, ட்ரிம்ஸ், கம்பெனிச் செலவு என்று வரிசையாக எழுதி, எந்த இடத்தில் எவ்வளவு குறைக்க முடியும் என்று அவரோடு உட்காருங்கள். பத்து சென்ட் வேண்டுமென்றால் ஜிஎஸ்எம்மைக் குறைக்கலாமா, பிரிண்டில் ஒரு கலரை எடுக்கலாமா, ஆர்டரைச் சேர்த்துப் போட்டால் நூலை மொத்தமாக எடுக்கலாமா? இவற்றுக்குப் பதில் இல்லாமல் "வெறும் பத்து சென்ட்" என்றால் அது யாருடைய கூலியில் இருந்தோ போகப்போகிறது. அந்த ஆர்டரை விடுங்கள்.

ஆனால் வேறொரு விஷயத்துக்குப் பக்கத்து கம்பெனிக்குத் தாராளமாகப் போன் போடுங்கள். சரக்கை எடுத்துக்கொண்டு பணம் தராத பையர், துறைமுகத்தில் சரக்கு இறங்கியதும் குறை கண்டுபிடித்து டிஸ்கவுன்ட் கேட்கிற பையர், ஏமாற்றிவிட்டு வேறு பெயரில் வந்து நிற்கிற ஏஜென்ட். இந்தத் தகவலை மறைத்து வைப்பதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. நீங்கள் ஏமாந்த இடத்தில் இன்னொருவர் ஏமாந்தால் அவருக்கு நூல் கொடுத்த மில்லும், சாயம் போட்ட பட்டறையும், தைத்துக் கொடுத்த அவிநாசி அம்மணி போன்றவர்களும் சேர்ந்து மாட்டிக்கொள்வார்கள். சொல்லும்போது கையில் ஆதாரம் இருக்கும் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள், கேள்விப்பட்டதைப் பரப்பாதீர்கள். ஏற்றுமதியாளர் சங்கத்திலேயே தகராறு தீர்க்கும் ஆர்பிட்ரேஷன் ஏற்பாடு இருக்கிறது, அங்கே எழுதிக் கொடுங்கள். புது பையர் என்றால் ஈசிஜிசி காப்பீடு (பையர் பணம் தராவிட்டால் ஈடு தரும் ஏற்றுமதிக் காப்பீடு) எடுக்காமல் ஒரு கார்ட்டன்கூட அனுப்ப வேண்டாம்.

நாங்கள் மூன்று பேர். மூன்று சின்ன கம்பெனி, மூன்றும் குழந்தைகள் ஆடைதான். சேர்ந்து ஒரு எம்பிராய்டரி மெஷின் வாங்க நினைக்கிறோம். சரிப்பட்டு வருமா?
*- வாசகி, அனுப்பர்பாளையம்*

வரும். சீசனில் மூவருக்கும் ஒரே வாரத்தில்தான் மெஷின் வேண்டியிருக்கும், அதை மட்டும் நினைவில் வைத்து ஏற்பாடு செய்யுங்கள். யார் முதலில் டிசைன் ஃபைலும் துணியும் கொடுக்கிறாரோ அவருக்கு முதல் ஷிஃப்ட் என்று ஒரு நோட்டு போடுங்கள். ஸ்டிச் எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று உங்களுக்குள்ளேயே பில் போட்டுக்கொள்ளுங்கள், "நம்ம மெஷின்தானே" என்று இலவசமாக ஓட்டினால் நூலுக்கும் ஊசிக்கும் பணம் யார் தருவது என்பதில் நிற்கும். ஆபரேட்டர் மூவரில் யாருடைய ஆளாகவும் இருக்கக் கூடாது. ஒருவர் டிசைன் ஃபைல் மற்ற இருவர் கண்ணில் படாமல் இருக்க, ஃபைலை அவரவர் பென்டிரைவில் கொண்டுவந்து, ஓடி முடிந்ததும் மெஷினில் இருந்து அழித்துவிட்டுப் போகட்டும். ஒருவர் விலகினால் அவர் பங்கை மற்ற இருவர் என்ன விலைக்கு, எத்தனை மாதத்துக்குள் வாங்க வேண்டும் என்பதை மெஷினுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். முத்திரைத்தாள் செலவையும் மூன்றாகவே பிரித்துக்கொள்ளுங்கள்.